சத்தம் வராத பொட்டி

அக்கா, கம்ப்யூட்டருக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கறப்போ முதல்ல மோந்து பாக்கணும். நெசமாத்தான் சொல்றேன். எல்லாரும் படம் வருதா, ஃபேன் சுத்துதான்னுதான் பாப்பாங்க. மூக்குகிட்ட கொண்டு போனா, ரொம்பச் சூடேறி அடிபட்ட கார்டுல ஒரு வாசம் வரும். இஸ்திரிப் பெட்டிய துணி மேல மறந்து வச்சுட்ட மாதிரி. அது வந்தா பேசாம கீழ வச்சுட்டு வந்துடணும்.

லைட்டப் போடாத. நீ தூங்கலன்னு தெரியும். படுத்துக்கிட்டே கேளு.

என்கிட்ட ரெண்டு கார்டு வந்துச்சு. ஒண்ணு சின்னது, கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்ற சோடாபுட்டியோட அண்ணன் விக்கக் கொண்டு வந்தது. பல்லு விழுந்த குழந்தை பல்லப் பொத்தி வச்சிருக்கற மாதிரி டப்பாக்குள்ள பஞ்சு வச்சு எடுத்துட்டு வந்தான். "சமத்தா ஓடும்ப்பா. கரண்டு குடிக்காது. ஃபேன் சுத்தறதே கேக்காது"ன்னான். தங்கச்சிக்கு மாப்ள பாக்கற மாதிரி பேசிட்டிருந்தான். எனக்கு சிரிப்பா வந்துச்சு.

இன்னொண்ணு பெரியது. ரிப்பேர் கடைக்காரர் வச்சிருந்தாரு. செங்கல்லு மாதிரி கனம். மோந்து பாத்தேன், சுத்தம்.

"தம்பி, இது யானை. தீனி போட வீட்டு லைன் தாங்குமா?"

"தாங்கும்ணே."

"யாரக் கேட்ட?"

"என்னையே கேட்டேன்."

விழுந்து விழுந்து சிரிச்சாரு. கடை வச்சிருக்கறதால பெரிய அறிவாளின்னு நெனப்பு. சால்டரிங் கம்பிய எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரிஞ்சா போதும், இந்த ஊர்ல எல்லாரும் மேதைதான்.

பெரியத வாங்கிட்டேன். ஃபேனக் கழட்டிட்டு தண்ணி விடற பிளாக்க மாட்டினேன். அதாவது காத்துக்குப் பதிலா, ட்யூப்ல தண்ணி சுத்தி வந்து சூட்ட எடுத்துட்டுப் போகும். சத்தமே இருக்காது. அத்தைக்காகத்தான் அவ்ளோ மெனக்கெட்டேன். இத நீ ஞாபகம் வச்சுக்கணும்.

நீ வேலைக்குப் போனப்பறம் உன் ரூம அத்தைக்குக் குடுத்தாங்கல்ல, அன்னைலேர்ந்தே எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு செவுருதான். அந்தப் பக்கம் அவங்க ஆக்சிஜன் மெஷின் ராப்பகலா உறுமும், அத யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் கொஞ்சம் இரைஞ்சா போதும், ஸ்பூனால செவுத்துல டக் டக். ரெண்டு தட்டு. சத்தத்தக் குறைன்னு அர்த்தம்.

"டேய் காத்தாடி! உன் பொட்டி என்னவிட நல்லா மூச்சு விடுதுடா!"

சொல்லிட்டு அவங்களே சிரிப்பாங்க, அப்புறம் இருமுவாங்க. அப்பா ஓடி வந்து என்னத் திட்டுவாரு. "இன்னொரு தடவ எங்கக்கா குறை சொன்னா அந்தப் பொட்டிய எடைக்குப் போட்டுடுவேன்." அவருக்கு கம்ப்யூட்டர்னா டிவிக்குப் பக்கத்து வீடு. மவுச ரெண்டு கையால புடிக்கற ஆளு, என் மெஷின எடைக்குப் போடறாராம்.

இப்ப லைன் விஷயத்துக்கு வர்றேன். அத்தை மெஷின மாட்டறப்போ எலக்ட்ரீஷியன் வந்து எல்லாரையும் நிக்க வச்சுப் பாடம் எடுத்தாரு. "இந்த ரெண்டு ரூமும் ஒரே லைன். மெஷின், ஏசி ரெண்டுதான். அதுக்கு மேல பெருசா எதுவும் போடாதீங்க. ட்ரிப் ஆகி கரண்டு போயிடும்." அன்னைலேர்ந்து அம்மா இஸ்திரிப் பெட்டிய சமையக்கட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க, ஏதோ கோயிலுக்குள்ள செருப்பு போட்ட மாதிரி பயம். கம்ப்யூட்டரப் பத்தி ஒருத்தருக்கும் தோணல. நான் மட்டும் கூட்டிப் பாத்தேன். சின்ன கார்டுன்னா லைன் தாங்கும். பெரிய கார்டுன்னா தாங்காது. கார்டு வாங்கறதுக்கு முன்னாடியே கூட்டிட்டேன். ஏன்னா எதையும் பாக்காம வாங்கற ஆளு நான் இல்ல.

முதல் நாள் முழு வேகத்துல ஓட விட்டேன். பட்டுனு எல்லாம் அணைஞ்சுச்சு. அத்தை மெஷின் கரண்டு போனா கத்தும்ல, அது வீட்டையே தூக்கிடுச்சு. அம்மா கையெல்லாம் மாவோட ஓடி, ட்யூபக் கழட்டி அவசரத்துக்குன்னு வச்சிருக்கற ஆக்சிஜன் சிலிண்டர்ல மாட்டி, திருகத் திருக அது திரும்ப மாட்டேங்குது. அந்தத் திருகு அவ்ளோ இறுக்கம், அத்தை கையால முடியவே முடியாது. அவங்க மூஞ்சி சாம்பல் கலர் ஆயிடுச்சு. அம்மா ஒரு வழியா அதத் திறந்து, மூச்சு வந்ததும் என்னப் பாத்து, "என்னடா காத்தாடி, கெளம்பிட்டேன்னு நெனச்சியா? உன் பரீட்சை மார்க்கப் பாத்து நாலு திட்டு திட்டாம போக மாட்டேன்"னாங்க.

"அந்த ஏசி பழசு, அதான்"னு அப்பா தீர்ப்பு சொல்லிட்டாரு. அம்மா தலையாட்டினாங்க. என் பக்கம் ஒருத்தரும் திரும்பல. இவ்ளோ பெரிய மக்குங்க கூட ஒரே வீட்ல இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியாது, நீ தப்பிச்சுப் போய்ட்ட.

அந்தக் கத்தல்தான் எனக்குப் பிடிக்கல. அந்த அலாரத்துக்குன்னு மெஷினுக்குப் பின்னாடி ஒரு குட்டி பேட்டரி இருக்கு. அத்தை குளிக்கப் போயிருந்தப்போ எடுத்து வச்சுக்கிட்டேன். மெஷின் எப்பவும் போல ஓடுச்சு. யாருக்கும் ஒரு குறையும் இல்ல.

ஞாயித்துக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. "மெஷின் கத்தினா ஓடிப் போய் சிலிண்டருக்கு மாத்திடுடா"ன்னாங்க அம்மா. சரிம்மான்னேன். அத்தை கதவோரமா நின்னு, "நீ போ, நானும் காத்தாடியும் சீட்டு விளையாடுவோம்"னாங்க. நான் விளையாடல. வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்.

கம்ப்யூட்டர முழு வேகத்துல விட்டேன். எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா. தண்ணி ஓடுது, சத்தமே இல்ல. கொஞ்ச நேரத்துல பட்டுனு எல்லாம் அணைஞ்சுச்சு.

மெஷின் கத்தல. கத்தினா மாத்துன்னுதான் அம்மா சொன்னாங்க.

நான் டிஷ்யூ பேப்பர் எடுத்து ஒவ்வொரு ட்யூபா ஒத்திப் பாத்தேன். திடீர்னு நின்னா ட்யூப் மூட்டுல தண்ணி ஒழுகும், அதப் பாக்கணும். ஒரு சொட்டு இல்ல. சோடாபுட்டி அண்ணனால எல்லாம் அப்படி மாட்டவே முடியாது. அப்போ செவுத்துல டக் டக்னு கேட்டுச்சு. ரெண்டு தட்டு. நான் உக்காந்திருந்தேன். மறுபடி ரெண்டு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஸ்பூன் கீழ விழுந்து உருண்ட சத்தம்.

எல்லா மூட்டையும் பாத்து முடிச்சதுக்கப்பறம்தான் எழுந்தேன். பேட்டரிய மாட்டினேன். வெளில போய் ட்ரிப் ஸ்விட்ச மேல தூக்கினேன். மெஷின் உறும ஆரம்பிச்சுச்சு. ஏசியும் ஓடுச்சு. ட்யூப் அவங்க மூக்குல சரியாத்தான் இருந்துச்சு. ஸ்பூன எடுத்து டம்ளர் பக்கத்துல வச்சேன்.

டாக்டர் வந்து, இந்த நோய்க்கு இவ்ளோ நாள் இருந்ததே பெருசுன்னாரு. படிச்சவராம்.

நீ ஏன் எழுந்து உக்கார்ற? படு. நாளைக்கு அந்த மெஷின வாடகைக்கு விட்டவர் வந்து எடுத்துட்டுப் போவாரு. அலாரம் வேலை செஞ்சுச்சான்னு கேட்டா நீ பேசு, நீ பேசினா நம்புவாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்குது. மூணு நாளா தூக்கமும் இல்ல, அந்தப் பக்கம் சத்தமே இல்லாம ஒரு மாதிரி இருக்கு.

அப்படிப் பாக்காத. அவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. தட்டினப்போ எனக்குப் புரியல, அவ்ளோதான். என் கம்ப்யூட்டர் சத்தத்தக் குறைக்கச் சொல்றாங்கன்னுதான் நெனச்சேன்.

அப்போ அது ஓடவே இல்லதான்.