டயர் பாலிஷும் எங்க பாவாவும்

...அந்த பாட்டில மொதல்ல கீழ வையிங்க சார். ஆங், அதேதான், எண்ணெ மாதிரி இருக்கறது. பளபளப்புதான் வேணும்னு நானும் இப்டிதான் நின்னேன், இதே கடையில. கடைக்காரரு டில்லிபாபு அப்பவே சொன்னாரு. பாலு மாதிரி இருக்கறத வாங்கு, டயர கழுவி காய வெச்சி, பஞ்சுல தொட்டு சைடுல மட்டும் மெல்லிசா தடவு, ரோட்ல படற எடத்துல பட்டுடவே கூடாதுனு. எனக்கா காதுல ஏறும்? பொண்ணு கல்யாணம் சார். மோனிகாவுக்கு மலைக்கோயில்ல முகூர்த்தம். சம்மந்திங்க நகரியிலேருந்து புது வண்டியில வராங்க. எங்கிட்ட இருக்கறது பத்து வருசத்து வண்டி. டயராவது மின்னட்டுமேனு ஒரு ஆச. ஆசைனா... பொறாமதான், இன்னா மறைக்கறது.

காலையில பாட்டில எடுத்துகினு குந்தினேன். வண்டிய முன்ன உருட்டி, பின்ன உருட்டி, தோசக்கல்லுக்கு எண்ணெ தேய்க்கறா மாதிரி முழு டயருக்கும் தேச்சேன். ரோட்ல படற எடத்தக்கூட வுடல. காயறதுக்கு எங்க நேரம்? உடனே பொண்ண ஏத்தியாச்சி. ஓட்டினது எங்க அக்கா புருசன், ராஜகோபால் பாவா. முப்பது வருசம் கவர்மெண்டு பஸ் ஓட்டினவரு சார், ஒரு கீறல் கெடையாது. நான் பின்னாடி, சம்மந்தி வண்டியில.

எங்க வூடு அடிவாரத்துலதான். அஞ்சி நிமிசம்கூட ஆவல, மலையில ரெண்டாவது வளைவு. லேசா தூறல். பாவா பிரேக்க மிதிக்கறாரு, வண்டி நிக்கல. அப்டியே வழுக்கிகினு போயி தடுப்புச் சொவுத்துல மோதி நின்னுது. நாலடி தள்ளி சொவுரே கெடையாது சார், பள்ளந்தான். நல்லவேள, யாருக்கும் அடி இல்ல.

எறங்கி ஓடனேன். பொண்ணு உள்ள அழுதுகினு இருக்கா, அவளுக்கு இன்னா ஆச்சினு கேட்டனா? கேக்கல. சம்மந்தி பாக்கறாரே. "கண்ணு தெரியலனா சொல்ல வேண்டியதுதான பாவா"னு அத்தினி பேரு முன்னாடி கத்தனேன். பாவா குனிஞ்சி டயர தொட்டுப் பாத்தாரு. சாவிய எங் கையில குடுத்துட்டாரு. தாலி கட்டறத ஓரமா நின்னு பாத்துட்டு, சாப்படாம ரயில் ஏறி மணவூருக்குப் போயிட்டாரு.

மறுநாளு மெக்கானிக்கு டயர தடவிட்டு, இதுக்கு யாரு எண்ணெ தேச்சி குளிப்பாட்டினதுனு கேக்கறான். நான்தான்னு சொல்லலாம் இல்ல? டிரைவருதான்னு சொன்னேன் சார். அங்கியும்.

மூணு வாரம் சோறு எறங்கல. நேத்து மணவூர் போயி, நான்தான் பூசனேன்னு சொன்னேன்.

"அன்னிக்கே என் கையில ஒட்டிச்சி எல்லப்பா"ன்னாரு.

ஏன் பாவா அப்பவே சொல்லலனு கேட்டேன்.

"பொண்ணக் குடுக்கற எடம். அங்க உன்ன எப்டி வுட்டுக் குடுக்கறது?"

அப்பறம் அவரே சொன்னாரு, "என்னாண்ட சொல்லி இன்னா? அன்னிக்கி நீ கத்தனத கேட்டவங்களாண்ட போயி சொல்லு"னு.

அதுக்குத்தான் இப்ப நகரிக்கி கெளம்பறேன். தோ, எதிர்ல டீ குடிச்சிகினு இருக்காரு பாருங்க பாவா, அவருதான் ஓட்டறாரு. சம்மந்தியாண்ட எப்டி ஆரம்பிக்கறதுனு காலையிலேருந்து சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், மொத வார்த்தையே வரல. முன்னபின்ன தெரியாத உங்களாண்ட கடகடனு வந்துடுச்சி.

அங்கியும் வந்துடும் இல்ல சார்?