அலை இல்லாத இடம்

இந்தக் காலத்தில் தண்ணீரில் இறங்குகிறவன் எவனும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. போனைத்தான் பார்க்கிறான். இவர்கள் யார்மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஏரிக்கு நாற்பது வருஷமாக நான்தான் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எவ்வளவு என்று பிரித்து விடுவது என் வேலை. மதகைத் திறந்தால் அதற்கு நேர் எதிரே தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். அடியில் ஆளை இழுக்கும். அதனால் திறக்கிற அன்றைக்கு மதகுக்கல்லில் சிவப்புத் துணி கட்டுவேன். துணியைப் பார்த்தால் ஊரில் ஒருத்தரும் அங்கே இறங்கமாட்டார்கள்.

போன மார்கழியில் ஸ்ரீகாந்த் என்று ஒருவன் வந்தான். வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்க ஏரியில் படகு விடப்போகிறானாம். தண்ணீர் குறைந்தால் படகு தரை தட்டுமாம், அதனால் மதகைத் திறக்கவே கூடாதாம். பஞ்சாயத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். திறக்காவிட்டால் தை மாசத்து நவரை நடவு கிடையாது. முதலில் காய்வது வாய்க்கால் முடிகிற கடைமடை. அங்கேதான் ஆனந்தன் கழனி. ஆனந்தன் என் அக்கா மகன், என் மகள் அம்சாவைக் கட்டியவன்.

ஊர்க்காரர்களுக்கு ஆசை காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகாந்த் வேன் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத கரை. ரப்பர் படகு, நின்றுகொண்டே துடுப்பு போடுகிற பலகை எல்லாம் கொண்டுவந்திருந்தான். என்னைத் துணிமணிக்குக் காவல் வைத்தார்கள்.

"பெரியவரே, இங்க தெறக்கவும் மூடவும் மதகு கெடையாது. சும்மா குந்துங்க" என்றான் ஸ்ரீகாந்த்.

"மாமாவ லேசா நெனைக்காத சார். வுட்டா கடலுக்கே மொற வெச்சித் தண்ணி வுடுவாரு" என்றான் ஆனந்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கடலைப் பார்த்தது இரண்டே தடவை, சாம்பல் கரைக்கப் போனபோது. ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலை இல்லை. எண்ணெய் மாதிரி கிடந்தது. அதற்கு நேரே கரையில் மீன்காரர்கள் கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கடலுக்கும் மதகு உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் நாஷ்டா தின்றுகொண்டிருந்தபோது கொம்பைப் பிடுங்கித் துணிமணிக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்தேன்.

ஸ்ரீகாந்த் பலகையோடு வந்தான். "எங்க எறங்கலாம், பெரியவரே?" நக்கலாகத்தான் கேட்டான்.

"அல இல்லாத எடமாப் பாத்து எறங்கு" என்றேன்.

இறங்கினான். கொஞ்ச நேரத்தில் பலகை மட்டும் மிதந்தது. அப்புறம் ஒரு கை தெரிந்தது. ஆனந்தன் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடினான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வாயில் வெற்றிலை வேறு. சட்டையை மடித்து வைத்தேன்.

சாயங்காலம் மீன்காரர்கள் இரண்டு பேரையும் பிணமாகக் கொண்டுவந்து கிடத்தினார்கள். போலீசில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஏரிக்குப் படகு வரவில்லை.

தையில் மதகைத் திறந்தேன். கடைமடை வரை தண்ணீர் ஏறியதா என்று பார்க்கப் போனேன். ஏறியிருந்தது. அம்சா வரப்பில் நின்றிருந்தாள்.

"நைனா, அங்க கொடி நட்டு வெச்சிருந்தோம்னு மீன்காரங்க சொல்றாங்களே. நீ பாக்கலியா?"

"பாத்தேன். நான்தான் புடுங்கினேன். உன் பயிருக்குத்தாம்மா."

அவள் அழவில்லை. கழனியைக் கை காட்டினாள். உழுது நட ஆள் இல்லாமல், அறுத்துப்போட்ட சம்பாத் தாள்தான் தண்ணீரில் நின்றது.

"பயிர் எங்க கீது, நைனா?"

நான் வரப்பேறி நடந்தேன். அவனை யார் ஓடச் சொன்னது? என்மேல் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. மதகுக்கல்லில் துணி கட்டாமல் வந்திருந்தேன். எவனாவது இறங்கித் தொலைத்தால் பழி என்மேல் வரும் என்று வேகமாக நடந்தேன்.