இடது தோளுக்குக் கொஞ்சம் பஞ்சு

கோட்டு தைக்கும்போது தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அனுபவத்தில் சொல்கிறேன், கலியமூர்த்தி மாமா. என் தம்பி சபாபதிக்கு நல்ல கோட்டு ஒன்று அமைவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தண்ணீர் குடியுங்கள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னீர்கள். உங்கள் அக்காள் மகள் லோகநாயகி ஆஸ்பத்திரியில் இரத்தமாக இருமிக்கொண்டு கிடக்கிறாள். அவள் புருஷன் சபாபதிக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அவளைப் பிழைக்கவைக்க வழி பார்க்கமுடியும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் உண்மையைச் சொல் என்கிறீர்கள். நியாயந்தான். கோட்டிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

மெட்ராஸில் சபாபதிக்கு ஆபரேஷன் செய்து சில விலா எலும்புகளை எடுத்தார்கள். இடது மார்பு குழிந்துவிட்டது. அந்தப் பக்கத்துத் தோளும் இறங்கிவிட்டது. வெறும் சட்டை போட்டால் ஆணியில் மாட்டிய மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கும். அவனுக்குப் பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்காரர்களோடு பேசவேண்டியவன், கோட்டு இல்லாமல் முடியாது. மெட்ராஸில் தைத்து வைத்திருந்ததையே வாங்கிப் பார்த்தோம். வலது பக்கம் பொருந்தியது, இடது பக்கம் தொளதொளத்தது. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தார். போட்டதும் குறை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் முதுநகரில் சேக் பரீது பாயிடம் போனோம். சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் கோட்டு தைத்துப் பழகின கை.

சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் வளைந்து போகிற தழும்பைக் குனிந்து பார்த்தார்.

"எவன் தைச்சானோ, கோணாம போட்டிருக்கான்," என்றார்.

"சின்னப் புள்ளையில பலா மரத்துலேருந்து விழுந்துட்டான், பாய். அண்ணாகிராமத்துல."

"ஆமாமா. பலா மரம் எலும்பைப் பாத்துப் பாத்து எடுத்துக்கிச்சாக்கும்." டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோட்டு ஆபீசுக்கா, கண்ணாலத்துக்காம்மா? ஒடம்புக்குத் தோதா இருக்கணும்னா ஒரு மாதிரி வெட்டணும். மறைக்கணும்னா வேற மாதிரி."

"கச்சிதமா இருந்தா போதும், பாய்."

அவர் மேலே கேட்கவில்லை. இடது மார்புக்கு உள்ளே கேன்வாசும் பஞ்சும் வைத்தார். தோளுக்கு இன்னும் கொஞ்சம் பஞ்சு. மூடிபோட்ட சின்ன டப்பா ஒன்று வைக்க உள்பக்கம் பை கேட்டேன், அதையும் தைத்தார். கண்ணாடி முன் நின்ற சபாபதி தன் மார்பைத் தானே தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் இருக்கேன்க்கா," என்றான். பாவமாக இருந்தது.

சளிப் பரிசோதனை முடிவு அதே வாரம் வந்தது. காசநோய் திரும்பிவிட்டது. தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக இருக்கட்டும், கலியாணப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சபாபதி, "பொண்ணு ஊட்ல சொல்லிடலாமேக்கா," என்றான்.

"சொன்னா எவன் குடுப்பான்?" என்றேன். அவன் சாது. நான் சொன்னால் கேட்பான்.

என்னைப் பற்றியும் நீங்கள் யோசிக்கவேண்டும். அம்மா செத்ததிலிருந்து அவன் எச்சில் டப்பாவைக் கழுவுகிறவள் நான். எனக்கு வந்த வரன்கள் அவன் இருமலைக் கேட்டுவிட்டு வாசலோடு போனார்கள். வேலைக்கு வைத்த ஆரோக்கியம்மாள் டப்பாவில் சிவப்பைப் பார்த்த அன்றே கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டாள். வேலைக்காரி போய்விடுவாள். மனைவி போகமாட்டாள். இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது?

நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்குச் சந்தேகம் வந்தது. எங்களைக் கண்டதும் கேட்டீர்கள்: "இன்னா மாப்ள, சித்திரை வெயில்ல கோட்டு? உள்ள பனியா பெய்யுது?" கூடமே சிரித்தது.

"கம்பெனிப் பழக்கம், மாமா," என்றான் சபாபதி. சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான்.

"அட, கழட்டி மாட்டுங்க. குளத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம்."

"அவனுக்கு ஜலதோஷம்," என்றேன் நான்.

"கோட்டுப் போட்டுமா ஜலதோஷம்?" என்று சிரித்துக்கொண்டே அவன் மார்பில் தட்டினீர்கள். இடது பக்கம். கை பஞ்சில் அமுங்கியது. சிரிப்பு நின்றது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நகை வேண்டாம், பெண்ணைக் கட்டின புடவையோடு அனுப்பினால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பெண்களை வளர்க்கிறவர் நீங்கள். காப்பியை எடுத்துக் குடித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

லோகநாயகி நல்ல பெண். கோட்டைக் கழற்றிப் பார்த்த மறுநாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அண்ணி, அவுருக்கு மாரு ஒரு பக்கம் இல்லவே இல்லியே?"

"பிறவியிலேயே அப்படி," என்றேன்.

"தழும்பு இருக்குதே."

"அதுக்கு வைத்தியம் பார்த்த தழும்பு."

நம்பிவிட்டாள். புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சாப்பிடச் சொல்லவில்லை. எங்கள் அம்மா அப்படித்தான் சாப்பிடுவாள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. என் தட்டும் டம்ளரும் மாடத்தில் தனியாக இருப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள். "எனக்கு விரதம்," என்றேன். "எல்லா நாளுமா அண்ணி?" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் வீடே நிறைந்த மாதிரி இருக்கும். நான் கூடத்தில் சன்னலைத் திறந்துவைத்துப் படுப்பேன். அவர்களுடைய அறையில் சன்னல் கிடையாது. வீடு கட்டினபோதே அப்படி.

டப்பாவை அவள்தான் கழுவினாள். "இதென்ன அண்ணி, செவப்பா?" என்றாள். "வெற்றிலை," என்றேன். அவன் வெற்றிலை போட்டு அவள் பார்த்ததே இல்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கழுவினாள். அதற்குப் பிறகு அவளும் என்னை எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் போக இடமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வெகுநாள் போட்டார்கள். இடையிடையே விட்டுவிட்டான். பிறகு அது அவனுக்குக் கேட்கவில்லை. இந்த உடம்பில் உள்ள கிருமிக்கு இனி அந்த ஊசி பலிக்காது என்று டாக்டர் சொன்னார். லோகநாயகிக்கும் அதே ஊசிதான் போடுகிறார்கள் என்று போன மாதம் நீங்கள் வந்தபோது சொன்னீர்கள். நான் காப்பி கலந்துகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து போட்ட ஊசியெல்லாம் வீண். ஆமாம், தெரிந்தேதான் அவளை அழைத்துவந்தேன். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உட்காருங்கள், மாமா. கோபத்தில் எழுந்து போகாதீர்கள். லோகநாயகியை நான் என்றைக்கும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அவளையே கேளுங்கள். அவள் தேறி வரட்டும். அதுவரை சபாபதிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். என் ஒருத்தியால் முடியவில்லை. அவள் தங்கை மங்கலத்தை அனுப்பிவையுங்கள். அக்காள் இருந்த வீடு, அந்நியமில்லை. நல்ல திடமான பெண், நாலு வருஷமாவது தாங்குவாள்.