சாமிக்கு விட்ட கடலை

— செருப்பு போடாம எங்க கெளம்பிட்டீங்க, அண்ணி? பதினாறு நாளா வெறும் டீத்தண்ணிதான். சுகர் மாத்திரையும் போடல.

— வழிய வுடு, கலையரசி. மலையடி முனியப்பன் கோயிலுக்கு நடந்தே போயி மண்சோறு தின்னுட்டு வரேன். உம் பொண்ண வாரிக்குடுத்துட்டு எனக்கு மாத்திரை ஒரு கேடா?

— கச்சிராயபாளையம் தாண்டறதுக்குள்ள மயங்கி வுழுந்துடுவீங்க.

— வுழுந்தா வுழறேன். சாமி கோவம் என்னோட போவட்டும்.

— சாமிக்கு உங்க மேல இன்னா கோவம்?

— சாமிக்கு அறுத்த சேவலு முழுக்கருப்பு இல்லடி. றெக்கையில செவப்பு கலந்திருந்திச்சி. பூசாரி பரவால்லன்னான், நானும் தலைய ஆட்டிட்டேன். நீ சாமிக்குன்னு கடலைய வுட்டு, புள்ள வாயில ஒண்ணுகூட படாம மூணு வருசம் காபந்து பண்ண. நான் ஒரே நாள்ல பொங்க வெச்சி வேண்டுதல முடிக்கறேன்னு போனேன் பாரு.

— யாரும் உங்கள குத்தம் சொல்லல, அண்ணி.

— தம்பி என் மொகத்தப் பாக்கறானா? ரெண்டு பேரும் மணலூர்பேட்டைக்கு கரும்பு வெட்ட போறப்போ என்னிய நம்பித்தான புள்ள மதிய வுட்டுட்டுப் போனீங்க. பக்கத்து வூட்டுப் பசங்க அவிச்ச கடல தின்னா அதுங்க வாயையே பாத்துனு நிக்கும். "அத்த, சாமி எப்போ எனக்கு கடல குடுக்கும்?"னு கேக்கும். வயிறு எரிஞ்சிது, கலை. ஆசைப்பட்ட புள்ளைக்கு சாமி இல்லன்னு சொல்லுமான்னுதான்...

— தெரியும், அண்ணி.

— ஒரே ஒரு கடல உருண்டை. சாமி மின்னாடி வெச்சி எடுத்து நாந்தான் ஊட்டுனேன். சிரிச்சினே தின்னுச்சி. கொஞ்ச நேரத்துல உதடு வீங்குது, ஒடம்பெல்லாம் தடிப்பு. "மூச்சு வரல அத்த"ன்னுது. சாமி பொறுக்கலன்னு பூசாரிகிட்டயே தூக்கினு ஓடினேன். துண்ணூறு போட்டான், வேப்பிலை அடிச்சான், எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டான். அரமணி நேரம். அதுக்குள்ள கண்ணு சொருவிடுச்சி.

— போதும் அண்ணி. சொல்லாதீங்க.

— நவுரு. வெயிலுக்கு மின்ன போயி சேரணும்.

— நீங்க போவ வேணாம். நான் எந்த சாமிக்கும் வேண்டிக்கவே இல்ல.

— இன்னாடி சொல்ற?

— மதிக்கு மூணு வயசுல கள்ளக்குறிச்சி டாக்டரம்மா சொல்லுச்சி. கடல அதுக்கு ஆவாது, ஒரு பருப்பு உள்ள போனாலும் மூச்சு நின்னுடும், வீக்கம் கண்டா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு தூக்கினு வான்னு. மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொன்னேன். கடலக்காட்டுல பொறந்த புள்ளைக்கு கடல ஆவாதான்னு சிரிச்சீங்க. களத்துல இருந்த அத்தினி பொம்பளைங்களும் சிரிச்சாங்க. ஒருத்தி அப்பவே அது கையில ரெண்டு பருப்ப வெச்சா. நான் புடிங்கி எறிஞ்சேன். அன்னிக்குதான் உங்க தம்பியும் நானும் பேசி, கடலைய சாமிக்கு வுட்டுட்டோம்னு சாமி பேரச் சொன்னோம். அப்புறம் ஒருத்தரும் குடுக்கல, பள்ளிக்கூடத்துலகூட குடுக்கல. அவரு உங்க மொகத்தப் பாக்காதது கோவத்துல இல்ல, அண்ணி.

— நான் சிரிச்சது நெனப்பு இருக்குது.

— கரும்புக்கு போறப்போவாச்சும் நான் சொல்லியிருக்கணும். பெத்தவ நான். சாமி பாத்துக்கும்னு என் பொய்ய நானே நம்பிக்கினு போயிட்டேன்.

— அப்போ அந்த அரமணி நேரம்... சாமி பேரு பொய்யின்னு எனக்கு ஒருத்திக்காவது சொல்லியிருக்கக் கூடாதா, என் தாயி? கோயில் வாசல்லயே ஷேர் ஆட்டோ நின்னுனு இருந்திச்சேடி.