இடது பின்சக்கரம்

பழைய வண்டியின் பின்பக்க பிரேக்கைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்வார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். சக்கரத்தோடு சுழலும் டிரம்மை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது என்ன? டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும், பிறை போன்ற இரண்டு ஷூ, நாலைந்து ஸ்பிரிங், எண்ணெயின் அழுத்தத்தில் அந்த ஷூக்களை விரித்துத் தள்ளும் ஒரு சின்ன சிலிண்டர். அவ்வளவுதான். ஆனால் எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பது மறந்துபோனால் ஒரு பகல் வீணாகிவிடும். ஒரு பக்கத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டால் அதைப் பார்த்து இதைப் பூட்டலாம். மாப்பிள்ளைதான் இதை எங்கோ படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். அவர் அப்படிப்பட்டவர். படிக்காமல் எதையும் தொடமாட்டார்.

இந்த நாற்காலியில் உட்காருங்கள், அது ஆடும். அலமாரியில் இருப்பவை வாய் அச்சுகள். பயப்பட வேண்டாம், பேசாது. நான் பொய்ப்பல் கட்டுகிறவன். இந்த ஊரில் பாதிப் பேர் என் சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள்.

மாப்பிள்ளை உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்து, தன் மனைவியைக் கொன்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இடது பின்சக்கரத்தைப் பூட்டியது யார் என்று என்னைக் கேட்டீர்கள். அவர்தான் பூட்டினார். அதில் சந்தேகமே இல்லை. வலது பக்கம் நான், இடது பக்கம் அவர்.

ஆனால் கேள்வியை அதோடு நிறுத்தினால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் மகளுக்கு நடை வருமுன்னே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. நான் செய்துகொள்ளவில்லை. இடுப்பில் அவளையும் கையில் பிளாஸ்டர் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு இதே அறையில் வேலை பார்த்தேன். அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகத்தான் அந்த வண்டியை வாங்கினேன். பாலாடை நிறம், மூக்கு உருண்ட வண்டி. முன்சீட்டில் உட்காருவாள், கால் தரைக்கு எட்டாது. வளர்ந்து கணக்கு டீச்சரானாள். அப்புறமும் நான்தான் கொண்டுபோய் விட்டேன், எனக்குத் தூரப்பார்வை மங்கும்வரை. அதன்பிறகு வண்டி கொட்டகையில் நின்றது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் தகப்பன் இல்லாதவர். கல்யாணமானதும் இங்கேயே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று அக்கம்பக்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் சில பற்கள் என்னுடையவை. அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். "மாமா, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் விசா வந்துடுச்சு."

மகள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் வந்துடுங்கப்பா. அங்க மட்டும் பல்லு இல்லாதவங்க இல்லையா?"

சிரித்தேன். வயசான மரத்தைப் பிடுங்கி நட்டால் துளிர்க்குமா என்று கேட்டேன். நல்லபடியாகப் போய்ட்டு வாங்க என்றும் சொன்னேன். அன்று நான் ஒரு வாய்ச் சோறுகூடக் குறைக்கவில்லை. பிள்ளைகள் மனசு கஷ்டப்படக் கூடாது அல்லவா.

வண்டியை ஓடவைத்துவிட்டுப் போகிறேன் என்பது மாப்பிள்ளையின் ஆசை. "உங்க பொண்ணு இல்லாத வீட்டுல வண்டியாவது ஓடட்டும் மாமா" என்றார். எஞ்சினைச் சரிசெய்தார். கடைசியாக மிஞ்சியது பின்பக்க பிரேக். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, டிரம்மில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஊதினால் நெஞ்சுக்கு ஆகாதாம். இடது சிலிண்டரைப் புண்ணைக் கழுவுகிற மாதிரி கழுவினார். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பிரேக் எண்ணெயில் நனைத்து, விரல் நுனியால் உள்ளே தள்ளினார்.

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்க. சரியா இருக்கா?"

"நீங்க பூட்டினா நான் பாக்கணுமா மாப்பிள்ளை?" என்றேன்.

சரியாகத்தான் இருந்தது. புது ரப்பர், விளிம்பு உள்நோக்கி, ஒரு சுருக்கம் இல்லை. நான் பூட்டிய வலது பக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

பிறகு வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், இடது சிலிண்டரில் இருந்தது விளிம்பு கிழிந்த பழைய ரப்பர் என்று சொன்னார். பழசையும் புதுசையும் ஒரே தட்டில் வைத்திருந்தோம். ஞாபகப் பிசகில் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று மாப்பிள்ளை அன்றே முடிவு கட்டிவிட்டார். உங்களிடம் எழுதிக் கொடுத்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் மாற்றவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்தில் கண்ணயர்ந்தார். மகள் மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன வயசு கவுன் ஒன்றையும் எடுத்து உள்ளே வைத்ததைப் பார்த்தேன். அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. நான் கொட்டகைக்குப் போய் இடது பக்கத்தைத் திறந்து, புதுசை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டு, மறுபடி மூடினேன். ஸ்பிரிங்குகளோடு பழகிய கை. சிரமம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மாப்பிள்ளை கீழே படுத்தார். மகள் நானே மிதிக்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்பா."

"விடு."

"விட்டுட்டேன்பா."

கடைசியில், "கல்லு மாதிரி இறுகிடுச்சுப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நிற்கிற வண்டியில் மெல்ல மிதித்தால் பழைய ரப்பரும் தாங்கும். இறக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி மிதித்தால்தான் அதன் குணம் தெரியும். அந்தக் காலத்து வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு மூலையில் ஒழுகினால் நாலும் போயிற்று. ஒழுகிய எண்ணெய் ஷூவில் ஊறிவிட்டால் கைப்பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன இடி. முகப்பு விளக்கு உடைந்து, மாப்பிள்ளைக்குக் கையோ காலோ பிசகி, பயணம் தள்ளிப்போனால் போதும். இதைத்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மறுநாள் காலையில், தெருவைச் சுற்றி வரலாம் என்று சாவியை எடுத்த மாப்பிள்ளையிடம், கல்லுடைக்கும் இடத்துப் பக்கம் இறங்கிப் போய்ட்டு வாங்க, அங்கதான் பிரேக்கோட லட்சணம் தெரியும் என்று சொன்னதும் நான்தான். அந்த இறக்கம் எந்தப் பள்ளத்தில் போய் முடிகிறது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே கயிறு கட்டி இறங்கினீர்கள்.

மாப்பிள்ளை கதவு திறந்து வெளியே விழுந்தார். கால் எலும்பு உடைந்தது. மகள் வண்டியோடு போனாள்.

பெடல் தரையோடு போனபோது அவள் பயப்படவில்லையாம். மாப்பிள்ளை இதைப் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "அப்பா பாத்த வண்டிங்க, பிரேக் பிடிக்கும். இன்னொரு தடவை அமுக்குங்க" என்றாளாம்.

அவர் வெளிநாடு போகவில்லை. ஊன்றுகோலோடு இங்கேயே திரும்பி வந்தார். எனக்குச் சமைக்கிறார். ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எடுத்துத் தருகிறார். என் கால் நகத்தை அவர்தான் வெட்டிவிடுகிறார். சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், என் மகள்கூட என்னை இப்படித் தாங்கியிருக்க மாட்டாள். சில நாள் கொட்டகை வாசலில் போய் நின்று கேட்பார். "நான் புதுசைத்தானே போட்டேன் மாமா? கை ஞாபகம் அப்படித்தான் சொல்லுது." நான் அவர் தோளைத் தொட்டு, "விடுங்க மாப்பிள்ளை. யாரா இருந்தாலும் கை தவறும்" என்பேன். குழந்தை மாதிரி அழுவார். அழுதால் மனப்பாரம் குறையும் என்று அழவிடுவேன்.

எனக்கு அழுகை வருவதில்லை. வேறு ஒரு தொந்தரவு இருக்கிறது. வலது கால். மாடிப்படி இறங்கும்போது படி அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. கால் வைத்தால் தட்டுவதில்லை, இறங்கிக்கொண்டே போகிறது. கட்டிலில் படுத்தாலும் அப்படித்தான். விரிப்புக்குக் கீழே மெத்தை இல்லை, மெத்தைக்குக் கீழே தரை இல்லை. டாக்டர் நரம்பு என்றார். மாப்பிள்ளை தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. பட்டப்பகலில், பல்லை ராவிவிட்டு மோட்டாரை நிறுத்துவேன். அது சுழன்று அடங்கும் கணத்தில் கொட்டகையிலிருந்து, "அமுக்கிட்டேன்பா" என்று கேட்கும். அலுப்பில்லாத குரல், நான் அடுத்ததைச் சொல்வேன் என்று காத்திருக்கிற குரல். நான் விடு என்று சொல்லும்வரை அவள் காலை எடுக்கமாட்டாள். சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டால் இறங்கிப் போய்விடுவாளே. அதனால் பதில் சொல்லாமல் அடுத்த பல்லை எடுப்பேன். அவள் மிதித்துக்கொண்டேதான் இருக்கிறாள், இப்போதும். உங்களுக்குக் கேட்காது.

மகள் வண்டியில் ஏறியது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தயங்குகிறீர்கள். தெரியும். அவளுக்கு அன்று பள்ளி. கிளம்பித்தான் போனாள். வாசலில் மனசு மாறி, நானும் ஒரு சுற்று வரேன் என்று முன்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நான் இந்த ஜன்னலில்தான் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சின் சூடேற மாப்பிள்ளை காத்திருந்தார். கூப்பிட நேரம் இருந்தது. வாய்வரை வந்தது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். கணக்கு டீச்சர், அரைகுறைப் பதிலில் விடமாட்டாள். காரணம் தெரிந்தபின் என்னை அவள் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அந்தப் பார்வையோடு அவள் கப்பலேறிப் போவதையும் யோசித்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் கையை அசைத்தேன்.

ஆகவே மாப்பிள்ளை எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மகளைக் கொன்றது நான்.

ஆனால் ஒன்று. நான் சொன்னதை அவரிடம் மட்டும் சொல்லவேண்டாம். அவர் காலையிலிருந்து அங்கே பட்டினியாக உட்கார்ந்திருப்பார், வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தெரிந்தால் மனசு உடைந்துபோவார். பாவம், அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.