படத்தில் இல்லாத கயிறு

மழைக்கு மறுநாள் படிக்கட்டைப் பெருக்குவது வீண்வேலை. ஈர இலை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் அந்த வேலையை நான்தான் பார்த்துவந்தேன். படிக்கட்டு முடிகிற மேட்டில் என் வீடு. எதிரே மரவேலி, அதற்குக் கீழே பாறையும் கடலும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அனிமே கார்ட்டூன் படத்தில் இந்த இடம் வந்தது. அதில் ஒரு பெண் அந்த வேலிமேல் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்ப்பாள். அன்றிலிருந்து அதன் ரசிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மீசை நரைத்த ஆண்கள்கூட அவளுடைய உள்ளங்கை அளவுப் பொம்மை ஒன்றைக் கடலுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். தீவுகளுக்கு நடுவே கிடக்கும் நம் உள்கடல் சாயங்காலத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவனும் அதைப் பார்த்ததில்லை. கைபேசியில் இருக்கிற கடலோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்படி வருகிறவர்களில் மிசோபே மரியாதையான பையன். மறுக்கமாட்டேன். நகோயாவில் மருந்துக் கிடங்கில் வேலை. பலமுறை வந்திருக்கிறான். போன வசந்தத்தில் நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னான்:

"மன்னிக்கணும் ஐயா, கொஞ்சம் உள்ள போறீங்களா? படத்துல இந்த வீட்ல யாருமே இல்ல."

உள்ளே போனேன். என் மனைவி முப்பது வருடம் வாழ்ந்து செத்த வீடு அது.

இலையுதிர்காலப் புயலில் வேலியின் கால்கள் பிடிப்பு விட்டுப்போயின. நகராட்சி ஆள் வரும்வரை மஞ்சள் கயிறும் எச்சரிக்கைப் பலகையும் நானே கட்டினேன். அந்த ஞாயிறு மிசோபே வந்து நின்றான். வேறு யாருமில்லை.

"ஐயா, இந்தக் கயிறு... படத்துல இல்லையே." பின்னந்தலையைச் சொறிந்தான்.

"அதுக்கென்ன தம்பி, அவுத்துட்டாப் போச்சு."

அவிழ்த்தேன். பலகையையும் எடுத்து உள்ளே வைத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பான ஊரைப் பார்த்ததே இல்லை என்றான். நான் படமெடுத்துத் தருகிறேன் என்று அவன் கைபேசியை வாங்கிக்கொண்டேன். பொம்மையை மடியில் வைத்தபடி வேலிமேல் ஏறி உட்கார்ந்தான். வேலி ஆடியது. அவன் கவனிக்கவில்லை. படத்தில் அது ஆடாது.

"இப்ப சரியா இருக்கா ஐயா?"

"அந்தப் பொண்ணு இன்னும் நல்லா சாஞ்சிருப்பா."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

பெரிய சத்தம் எதுவுமில்லை. கைபேசியையும் அவன் பின்னாலேயே போட்டேன். பாறையிடுக்கில் அது கெடாமல் கிடக்கும் என்று நினைக்கவில்லை. அதிலுள்ள படத்தில் கயிறு இல்லை என்கிறீர்கள். இருக்காது. பிறகுதான் கட்டினேன். பலகையையும் மாட்டிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மறுவாரம் அவன் அம்மா வந்தாள். இனிப்புப் பெட்டியை இரு கையாலும் நீட்டி, இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"கயிறு கட்டியிருந்தும் தாண்டிப் போயிருக்கான். உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு. பெத்தவ நான் மன்னிப்புக் கேட்டுக்கறேங்க."

நானும் குனிந்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"கடைசியா அவனைப் பார்த்தீங்களா? முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சுக்கிட்டிருந்தாரும்மா."

அழுதாள். நன்றி சொன்னாள். ரயில் நேரமாகிவிட்டது என்று இறங்கிப்போனாள்.

இதை மட்டும் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.