கழுவாத பாத்திரமும் வாங்காத பட்டமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, கிழவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரத்தைப் பார்க்கும் கட்சிச் செயலாளர் அவர்களே! அமிலம் தெறித்து அங்கியெல்லாம் ஓட்டையான ஆய்வகத் தோழர்களே! வெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு, காலணிப் பனியைக்கூட உதறாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் அக்னியா ரோதியோனவ்னா அவர்களே! இந்த வெனியமின் ஸகாரவிச்சின் வணக்கம்.

அம்மையாருக்கு இன்று எழுபது வயது. காமா ஆற்றங்கரையில் பிறந்தார், இந்த ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் படித்தார், மின்வேதியியலில் மூழ்கினார். இவ்வளவும் அழைப்பிதழிலேயே இருக்கிறது. "அந்தப் பழைய கதை மட்டும் வேண்டாமே" என்றார் இயக்குநர், மேடையேறும்போது. மன்னிக்க வேண்டும் இயக்குநரே, அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்!

மின்கலம் ஏன் சாகிறது? சாகாமல் காப்பது எப்படி? இதுதான் இவர் வாழ்வின் கேள்வி. பிளாட்டினத் தகட்டின்மேல் புதிய பூச்சு ஒன்று பூசினார். மின்னோட்டம் குபீரென்று ஏறியது. நவம்பர் புரட்சி விழா நெருங்கும் நேரம். நம் வழக்கம் தெரியாதா? விழாவுக்கு ஒவ்வொரு கழகமும் ஒரு சாதனையைக் காணிக்கை வைத்தாக வேண்டும். வைத்தோம். செய்தித்தாளில் படம் வந்தது, முனைவர் பட்டத்துக்கு நாளும் குறித்தார்கள். இவரும் இவர் தாயாரும் ஐந்து குடும்பத்தோடு ஒரே அடுப்படியைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. பட்டம் வந்தால் தனி வீடு என்று சொல்லியிருந்தார்கள்.

பட்டம் பெறும் வாரத்தில் இவர் சோதனையை மறுபடி செய்தார். மின்னோட்டம் ஏறவில்லை! பூச்சும் அதேதான், தகடும் அதேதான், ஆனால் முள் அசையவில்லை. உதவியாளர் யெஃபீமைக் கூப்பிட்டார்.

"யெஃபீம், பாத்திரத்தை எப்படிக் கழுவின?"

"தண்ணியிலதாங்க."

"ஸ்பிரிட் போடலையா?"

யெஃபீம் கூரையைப் பார்த்தான். "அது... விழா அன்னிக்கே தீந்துபோச்சுங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எந்த ஆய்வகத்தில் தீரவில்லை? ஏய், பின்வரிசை! உன் ஆய்வகத்து ஸ்பிரிட் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா?

"சரி, குடிச்சீங்க. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஸ்பிரிட்ல அலசுவேன். அப்புறம் தண்ணியில அலசணும்... கை விறைச்சுப்போகுதுன்னு விட்டுட்டேன். வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும். சின்னக் குழந்தைங்க இருக்குதுங்க."

புரிந்துவிட்டது இவருக்கு. மின்னோட்டத்தைத் தந்தது பூச்சு அல்ல, பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஸ்பிரிட்! நாடே கொண்டாடிய சாதனை, கழுவாத பாத்திரத்தின் சாதனை.

அந்த நாள் வந்தது. இதே மண்டபம்தான். நான் அன்று அவைச் செயலாளர். வெளியே இவருடைய தாயார் மீன் பணியாரத்தைப் போர்வையில் சுற்றிச் சூடு ஆறாமல் வைத்துக்கொண்டு நின்றார். இவர் மேடையேறினார், ஆய்வேட்டில் அந்தப் பூச்சைப் பற்றிய நான்காம் அத்தியாயத்தைத் திறந்தார். "இது தவறு. பாத்திரம் கழுவும் முறையை நான் சரிபார்க்கவில்லை. குற்றம் என்னுடையது" என்றார். யெஃபீமின் பெயரைச் சொல்லவே இல்லை.

அன்றைய தலைவர் மெல்லக் குனிந்தார். "நாலாவது அத்தியாயத்தைப் பத்தி யாரும்மா கேட்டா? பேசாம இறங்கு. பட்டத்துக்கான ஓட்டு உனக்குத்தான் விழும்."

"யாரும் கேக்காட்டி, பொய் நெஜமாயிடுமா?" என்று கேட்டார் இவர். ஆய்வேட்டை மூடினார், திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டம் போனது, வீடு போனது. செய்தித்தாளில் படம் போட்டவர்கள் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது, இப்படி ஒரு பிழைக்கத் தெரியாதவளா என்று!

வெளியே தாயார் கேட்டார். "ஏன்டி, அப்ப பணியாரம்?"

"பங்கு போடும்மா. எல்லாருக்கும் பசிக்குது."

தின்றோம். அவ்வளவு ருசியான தோல்வியை நான் கண்டதில்லை.

பிறகு ஏன் இவர் பட்டம் வாங்கவில்லை? நானே கேட்டேன். "எழுதுறேன், இன்னொரு தடவை சரிபாத்துட்டு" என்பார். அந்த இன்னொரு தடவைக்குள் யாராவது மாணவன் தன் ஆய்வைக் கொண்டுவந்து நிற்பான். இவர் தன்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு அவனுடையதைச் சரிபார்ப்பார். இப்படியே தலை நரைத்துவிட்டது, தோழர்களே! அறிவியல் என்றால் என்ன? கைதட்டலா? காணிக்கையா? கண்ணெதிரே வந்த பெருமையைக் கழுவி ஊற்றும் நெஞ்சுரம் அல்லவா அறிவியல்?

ஒரு வேண்டுகோள். தம் ஆய்வேட்டில் அக்னியா ரோதியோனவ்னாவின் சிவப்புப் பென்சில் பட்டு, பிறகு முனைவரானவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள். எழுந்திருங்கள்!

பாருங்கள். முன்வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. இயக்குநரே, நீங்களுமா? நல்லது.

"உக்காருங்கப்பா, என்ன கூத்து இது?" என்கிறார் அம்மையார். இல்லை, நிற்கட்டும். இத்தனை முனைவர்கள் நிற்கிறார்கள், அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பட்டம் வாங்காத இவர் ஒருவர்தான். இவருக்கு இதைவிடப் பெரிய எந்த நாற்காலியை நாம் கொடுத்துவிட முடியும்?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அக்னியா ரோதியோனவ்னா அவர்களே, நிற்கும் அத்தனை பேர் சார்பிலும் உங்களுக்குத் தலைவணங்குகிறேன்.